பெரிய எண்களை ஒப்பிடச் சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கே2 சிகரத்தின் உயரம் 8,611 மீட்டர், கஞ்சன்ஜங்காவின் உயரம் 8,586 மீட்டர். எது உயரம் என்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இடமதிப்பு அட்டவணையைப் பிழையில்லாமல் நிரப்பும் பிள்ளைகளிலேயே சிலர் கஞ்சன்ஜங்கா என்பார்கள். ஏன் என்று கேட்டால், "11-ஐ விட 86 பெருசு" என்றோ, "இதுல ரெண்டு 8 இருக்கு" என்றோ பதில் வரும்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போவதுதான் முதல் தவறு. கூட்டலையும் கழித்தலையும் "ஒன்றுகள் இடத்திலிருந்து ஆரம்பி" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது நாம்தான். பிள்ளையின் கண் தானாகவே வலது ஓரத்துக்குப் போகிறது. ஒப்பிடும்போது மட்டும் இடது ஓரத்திலிருந்து வர வேண்டும். திசை மாறுகிறது என்பதையே பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்பவர்களும் ஏன் மாறுகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

அந்த 'ஏன்' புரிய ஒரு பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் போதும். 4 எழுதி அதன் பக்கத்தில் மூன்று வெற்றுக் கட்டங்கள் போடுங்கள். கீழே 3 எழுதி அதற்கும் மூன்று கட்டங்கள். "கட்டத்துல எந்த இலக்கம் வேணும்னாலும் போடு. 3-ல ஆரம்பிக்கிற எண்ணை ஜெயிக்க வை, பார்க்கலாம்" என்று விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் 3-க்குப் பின்னால் மூன்று 9 வந்துவிடும், 4-க்குப் பின்னால் மூன்று 0. 3,999, 4,000. அப்போதும் ஒன்று குறைகிறது! வலப்பக்க இடங்களையெல்லாம் 9-ஆல் நிரப்பினாலும் இடப்பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு ஒன்றை எட்ட முடியாது என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். இதையே 99,999, 1,00,000 வரை கொண்டுபோகலாம். இதற்கு ஒரு முழு வகுப்பு செலவானாலும் வீணில்லை. மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

"இலக்கம் அதிகமா இருந்தா பெரிய எண்" என்பதை முதல் நாளே மனப்பாடம் செய்ய வைப்பது இன்னொரு தவறு. முழு எண்களுக்கு அது சரியான விதிதான். ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி, கண்ணைக் கவரும் இலக்கம் ஒன்று எதிரே வந்ததும் மறந்துபோகும். பூமியின் விட்டம் 12,756 கிலோமீட்டர், செவ்வாயின் விட்டம் 6,792 கிலோமீட்டர். "1-ஐ விட 6 பெருசு, அதனால செவ்வாய்" என்று சொல்லும் பிள்ளை உண்டு. பின்னால் தசம எண்கள் வரும்போது இதே விதி வேறு விதமாகக் கெடுக்கிறது: 0.5-ஐ விட 0.125 பெரியது என்று எழுதிவிடுவார்கள், அதில்தானே இலக்கம் அதிகம்! "எத்தனை இலக்கம்?" என்று கேட்பதற்குப் பதில், "ஒவ்வொரு எண்ணிலும் மிகப் பெரிய இடம் எது?" என்று கேளுங்கள். பூமிக்குப் பத்தாயிரம் இடம் இருக்கிறது, செவ்வாய்க்கு ஆயிரத்தோடு சரி. இந்தக் கேள்வி தசமத்திலும் கைவிடாது.

எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதச் சொல்லும்போது, கட்டுரை எழுதுவதைப் போல இடது ஓரத்தை ஒட்டி எழுத விடாதீர்கள். 12,756-இன் 1-க்குக் கீழே 6,792-இன் 6 வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், ஒன்றுகள் இடத்துக்குக் கீழே ஒன்றுகள் இடம் வரும்படி வலது ஓரத்தைச் சேர்த்து எழுத வேண்டும்.

சில நேரம் பிழை ஒப்பிடுவதில் இருக்காது, எழுதுவதிலேயே இருக்கும். "நாற்பதாயிரத்து ஐம்பது" என்று வாயால் சொன்னால் 4,050 என்று எழுதும் பிள்ளையும் உண்டு, காதில் விழுந்தபடியே 4000050 என்று எழுதும் பிள்ளையும் உண்டு. "தொள்ளாயிரம்" என்பதில் ஆயிரம் கேட்பதால் 9,000 என்று எழுதுவதும் நடக்கிறது. எழுதிய எண்ணைச் சத்தமாகத் திருப்பிப் படிக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஒப்பிடச் சொல்லுங்கள்.

காற்புள்ளி விஷயத்தில் பெரியவர்களே அசட்டையாக இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. ஆங்கில இணையப் பக்கங்கள் பலவற்றில் இதே எண் 72,147,030 என்று இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் எண்ணிக்கை நம் முறையில் 7,26,26,809. ஒன்றை இணையத்திலிருந்தும் மற்றொன்றைப் புத்தகத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்தால், பிள்ளை முதல் காற்புள்ளி வரை பார்த்து, 72-ஐயும் 7-ஐயும் ஒப்பிட்டு, தமிழ்நாடு என்று சொல்லிவிடும். இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றி எழுதிவிட்டுப் பார்த்தால் கோடி இடத்தில் 7, 7. பத்து லட்சம் இடத்தில் 2, 2. லட்சம் இடத்தில் 1, 6. முடிந்தது, மத்தியப் பிரதேசம்தான். அதற்குப் பின்னால் தமிழ்நாட்டுக்கு 47,030, அங்கே வெறும் 26,809. அந்த ஐந்து இலக்கங்களைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று பிள்ளை துணிந்து சொல்கிறதா என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

'>' குறிக்கு முதலை வாய் என்று படம் போட்டுக் காட்டுவதைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் "இது அதைவிடப் பெரியது" என்று முழு வாக்கியமாகச் சொல்லத் தெரிந்த பிறகே குறியை எழுத விடுங்கள்.

கடைசியாக, நாம் தேர்ந்தெடுக்கும் கணக்குகள். 7,856, 4,321 என்று கொடுத்தால் வலமிருந்து பார்த்தாலும், இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலும், பெரிய இலக்கம் எங்கே என்று தேடினாலும் 7,856 என்றுதான் வரும். தவறான வழியில் போன பிள்ளைக்கும் சரி என்று குறி போட்டு அனுப்பிவிடுவோம். ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று கொடுத்தால், ஒன்றுகள் இடத்தை மட்டும் பார்த்த பிள்ளை தொட்டபெட்டா என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். விடை சரியாக வந்தாலும் "எந்த இடத்துல முடிவு தெரிஞ்சுது?" என்று கேட்காமல் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள். பிறகு கேள்வியைத் திருப்பிப் போடலாம்: 2,637-ஐ விடச் சிறியதாக இருக்க வேண்டும், ஆனால் பத்துகள் இடத்திலும் ஒன்றுகள் இடத்திலும் அதைவிடப் பெரிய இலக்கங்கள் வர வேண்டும். அப்படி எத்தனை எண்கள் சொல்ல முடியும் என்று பிள்ளைகளையே தேட விடுங்கள்.