வாக்கு ஒரு கணக்கு, பிரதிநிதி ஒரு கணக்கு: அமெரிக்க உட்கட்சித் தேர்தலைப் பின்தொடரும் முறை

2020 பிப்ரவரியில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அயோவா மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்தலில் அதிக வாக்குகளைப் பெற்றவர் பெர்னி சாண்டர்ஸ். ஆனால் கட்சியின் தேசிய மாநாட்டுக்கு, அவருடைய போட்டியாளர் பீட் புட்டிஜெஜ் சார்பில் 14 பிரதிநிதிகளும் சாண்டர்ஸ் சார்பில் 12 பிரதிநிதிகளும் ஒதுக்கப்பட்டனர். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது மாநாட்டுப் பிரதிநிதிகள்தாம் என்பதால், இரண்டு கணக்குகளையும் தனித்தனியே எழுதிவரப் பழகுவது அவசியம். அதற்கு ஒரு விரிதாளும் எளிய வகுத்தலும் போதும்.

முதல் படி: வாக்குத் தாள்

மாநிலம், தேர்தல் நாள், வேட்பாளர், வாக்குகள், எண்ணி முடித்த விழுக்காடு என்று நெடுவரிசைகளை அமைத்து, எண்ணைக் குறித்த நாளையும் நேரத்தையும் கடைசியில் சேருங்கள். கலிபோர்னியாவில் அஞ்சல் வாக்குகளை எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நேரம் குறிக்காத எண் பிறகு உங்களையே குழப்பும்.

இரண்டாம் படி: பிரதிநிதித் தாள்

மாநிலத்தின் மொத்தப் பிரதிநிதிகளை ஒரே எண்ணாக எழுதாமல், அவர்கள் ஒதுக்கப்படும் தொகுப்புகளாகப் பிரித்து எழுதுங்கள். 2020-இல் நியூ ஹாம்ப்ஷயர் ஜனநாயகக் கட்சிக்கு 24 உறுதிப் பிரதிநிதிகள் (வாக்கு முடிவின்படி வேட்பாளர்களுக்கு ஒதுக்கப்படுபவர்கள்) இருந்தனர். இரண்டு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்) தொகுதிகளுக்குத் தலா 8, மாநிலம் முழுவதற்குமான பொது இடங்கள் 5, கட்சித் தலைவர்களுக்கும் பதவியில் இருப்போருக்குமான இடங்கள் 3. ஒவ்வொரு தொகுப்புக்கும் தனிக் கணக்கு உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

மூன்றாம் படி: 15 விழுக்காடு என்னும் சல்லடை

ஜனநாயகக் கட்சியின் விதிப்படி, 15 விழுக்காட்டுக்குக் கீழ் வாக்கு பெற்றவருக்கு அந்தத் தொகுப்பில் பிரதிநிதி கிடையாது. நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் 25.6, புட்டிஜெஜ் 24.3, ஏமி குளோபுச்சர் 19.7 விழுக்காடு பெற்றனர். எலிசபெத் வாரனின் 9.2 விழுக்காடும் ஜோ பைடனின் 8.4 விழுக்காடும் வாக்குத் தாளில் அப்படியே இருக்கும். பிரதிநிதித் தாளில் பூஜ்யமாகும்.

நான்காம் படி: பங்கீடு

தேறிய மூவரின் விழுக்காடுகளைக் கூட்டினால் 69.6 வருகிறது. ஒவ்வொருவரின் விழுக்காட்டையும் இந்த எண்ணால் வகுத்து, தொகுப்பின் இடங்களால் பெருக்குங்கள். 5 பொது இடங்களில் சாண்டர்ஸுக்கு 1.84, புட்டிஜெஜுக்கு 1.75, குளோபுச்சருக்கு 1.42 என்று கிடைக்கும். முழு எண்களை மட்டும் எடுத்தால் ஆளுக்கு ஒன்று. மீதி இரண்டு இடங்கள், மிகப் பெரிய பின்னம் உள்ள முதல் இருவருக்குச் செல்லும். ஆக 2, 2, 1. இதே முறையில் 3 இடத் தொகுப்பு 1, 1, 1 என்று பிரியும். தொகுதிகளுக்கு உண்மையில் அந்தந்தத் தொகுதியின் வாக்குகளையே எடுக்க வேண்டும். பயிற்சிக்காக மாநில விழுக்காட்டைப் பயன்படுத்தினால் 8 இடங்கள் 3, 3, 2 என்று அமையும். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்: 9, 9, 6. அன்று அறிவிக்கப்பட்ட முடிவும் அதுவே. இந்த ஒரு மாநிலத்தைக் கையால் போட்டுப் பார்த்தவருக்குப் பிற மாநிலங்கள் கடினமாக இரா.

ஐந்தாம் படி: ஒற்றையும் இரட்டையும்

இருவர் மட்டுமே மோதும்போது, ஒரு தொகுதியின் இடங்கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைக் குறித்துவையுங்கள். 3 இடத் தொகுதியில் பாதிக்குச் சற்று மேல் வாக்கு பெற்றாலே 2-1 என்று முந்தலாம். 4 இடத் தொகுதியில் 3-1 என்று முந்துவதற்கு 62.5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். 2008-இல் நெவாடாவில் ஹிலாரி கிளிண்டன் சுமார் 51-45 விழுக்காடு என்று முன்னிலை பெற்றும், பிரதிநிதிகளில் ஒபாமா 13-12 என்று முந்தியது இத்தகைய கணக்கால்தான்.

குடியரசுக் கட்சிக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 2016-இல் தென் கரோலினாவில் சுமார் 32.5 விழுக்காடு வாக்கு பெற்ற டிரம்ப், அம்மாநிலத்தின் 50 பிரதிநிதிகளையும் பெற்றார். எனவே விதியை எழுதிவைக்க ஒரு நெடுவரிசை ஒதுக்கி, வாக்குப்பதிவுக்கு முன்பே அதை நிரப்பிவிடுங்கள்.

கடைசிப் படி: இலக்கு எண்

ஜனநாயகக் கட்சியின் சூப்பர் பிரதிநிதிகளை, அதாவது தேர்தல் முடிவுக்குக் கட்டுப்படாத கட்சிப் பிரமுகர்களை, உறுதிப் பிரதிநிதிகளோடு கலக்காமல் தனி நெடுவரிசையில் வையுங்கள். 2018-இல் மாற்றப்பட்ட விதியின்படி, போட்டி தீராத நிலையில் மாநாட்டின் முதல் சுற்றில் அவர்கள் வாக்களிக்க முடியாது. அதனால் 2020-இல் 3,979 உறுதிப் பிரதிநிதிகளில் பாதியைத் தாண்டும் 1,991 என்பதே இலக்காக இருந்தது. இலக்கை எல்லாச் சூத்திரங்களிலும் தட்டச்சு செய்யாமல் ஒரே கட்டத்தில் எழுதி, மற்றவை அதைப் பார்த்துக் கணக்கிடும்படி அமைப்பது நல்லது. 2008 மே 31 அன்று, அதுவரை கணக்கில் சேர்க்கப்படாத புளோரிடா, மிச்சிகன் பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு அரை வாக்கு வழங்கப்பட்டபோது, போட்டி முடியவிருந்த அந்த வேளையில் இலக்கு 2,118 ஆக உயர்ந்தது. மூன்று நாள் கழித்து ஒபாமா தாண்டியது அந்தப் புதிய எண்ணைத்தான்.