'ஃபராகோ' என்னும் சொல்லைப் பொருளறிந்து கையாள்வது எப்படி?

ஆங்கிலத்தில் 'ஃபராகோ' (farrago) என்று எழுதும் முன், அதன் இலத்தீன் வேரை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 'ஃபார்' என்பது உமியோடு ஒட்டிய ஒரு பழங்கோதுமை. அதனோடு பயற்றினச் செடிகளையும் கலந்து நெருக்கமாக விதைத்து, ரோமானியர் கால்நடைகளுக்குப் போட்ட கலப்புத் தீவனமே ஃபராகோ. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய இச்சொல், ஒழுங்கின்றிக் குவிந்த கலவையைக் குறிக்கலாயிற்று.

ஆகவே, பொய்யும் அரைகுறை உண்மையும் பிசைந்த பேச்சுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 2017இல் சசி தரூர் தம்மைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளைச் சாடியபோது கையாண்டதும் இப்பொருளில்தான். பாராட்டத்தக்க பல்சுவைத் தொகுப்புக்கு இதைச் சூட்டுவது, என் கருத்தில், பிழையே. 'கதம்பம்' என்று தமிழாக்கினால் பூமணம் ஏறிவிடும். 'குப்பைக் கலவை' என்பதே நெருங்கி வரும். ஆங்கிலத்தில் 'ஃபராகோ'வின் இரண்டாம் அசையை நீட்டி, அழுத்தி உச்சரிக்க வேண்டும். பின்னால் 'ஆஃப்' (of) சேர்த்து, கலந்தவை எவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.