குளிர்ச்சித் தைலம்: ஒரு டீஸ்பூன் போதும்

தலை கொதிக்கிற மாதிரி இருந்தால் உள்ளங்கை நிறைய எண்ணெயைக் கொட்டித் தேய்ப்பதுதான் பலருடைய பழக்கம். குளிர்ச்சித் தைலத்துக்கு அது வேண்டாம், ஒரு டீஸ்பூன் போதும். விரல் நுனியில் தொட்டு, வகிடு வகிடாகப் பிரித்து, தோலில் படும்படி 5 நிமிடம் மெதுவாகத் தேயுங்கள். முடியில் மட்டும் பூசினால் ஜில்லென்று இருக்காது, தலையணைதான் பிசுபிசுக்கும்.

அந்த ஜில்லிப்பு கரிசலாங்கண்ணியிலிருந்தோ நெல்லிக்காயிலிருந்தோ வருவதில்லை. பெரும்பாலும் மெந்தாலும் கற்பூரமும் செய்கிற வேலை. மெந்தால் தோலில் குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். உடல் சூடு ஒன்றும் இறங்கிவிடுவதில்லை. பாட்டிலின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். கற்பூரம் இருந்தால் கைக்குழந்தைகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

புது எண்ணெய் என்றால் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். எரிச்சலோ தடிப்போ வந்தால் தலைக்கு வேண்டாம். பொடுகு இருக்கிறவர்கள் இரவெல்லாம் ஊறவிடாமல் ஒரு மணி நேரத்தில் அலசிவிடுவது நல்லது. எண்ணெய்ப் பசை பொடுகுக் கிருமிக்குத் தீனி. அப்புறம், தேய்த்த கையோடு கண்ணைக் கசக்கிவிடாதீர்கள். நான் கசக்கியிருக்கிறேன்.