பூப்பு முதல் மாதவிலக்கு நிற்கும் வரை: எந்த வயதில் எதைக் கவனிப்பது

மகள் பூப்பெய்திய மாதத்திலிருந்தே, மாதவிலக்கு தொடங்கும் நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கப் பழக்குங்கள்; பின்னாளில் எந்த மருத்துவரும் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

பெரும்பாலோர் 10 முதல் 15 வயதுக்குள் பூப்பெய்துகிறார்கள். 8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினாலும், 13 வயதாகியும் வளராவிட்டாலும், 15 முடிந்தும் பூப்பெய்தாவிட்டாலும், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அப்படித்தான் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் சில ஆண்டுகளில் சுழற்சி 45 நாள் வரை நீள்வது இயல்பு. சீருக்கு மண்டபம் பிடிக்கும் அக்கறையில் ஒரு பங்கை, பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மகள் விழுங்குகிறாளா என்று பார்ப்பதிலும் காட்டலாம். உளுந்தங்களி நல்ல உணவுதான். இரத்தசோகைக்கு அது மாத்திரையின் இடத்தை நிரப்பாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு உகந்த வயது 9 முதல் 14.

குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் ஒரு மாதம் முன்பே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்க வேண்டும். ஏனெனில் சிசுவின் முதுகுத்தண்டுக் குழாய், தாய்க்குக் கரு தங்கியது உறுதியாகும் முன்னரே பெரும்பாலும் மூடிவிடுகிறது. கரு தங்கிய 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, தமிழக அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கிவிடுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ கோவை நூற்பாலையிலோ இ.எஸ்.ஐ. சந்தா கட்டி வேலை செய்பவருக்கு, தகுதி நாட்கள் நிறைந்திருந்தால், முதல் இரு பிரசவங்களுக்கு 26 வாரம் ஊதியத்துக்கு ஈடான உதவித்தொகை உண்டு. முயன்றும் கரு தங்காதபோது 35 வயதுக்குக் கீழே ஓராண்டும், அதற்கு மேல் ஆறு மாதமும் பொறுத்தால் போதும். பரிசோதனைக்குக் கணவரும் உடன் வர வேண்டும்.

30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மிகுதியாக அலட்சியப்படுத்தப்படுவது நாற்பதுகள்தான். தொடர்ந்து 12 மாதம் வராமலிருந்தால்தான் மாதவிலக்கு நின்றதாகப் பொருள். 40 வயதுக்கு முன்பே நின்றாலும், நின்றபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், தாமதிக்காமல் பரிசோதிக்க வேண்டும். மணிக்கொரு நாப்கின் நனையுமளவு போவதை, நிற்கப் போகும் காலம் என்று தள்ளிவிடக் கூடாது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால், ஸ்கேனும் உட்சவ்வுப் பரிசோதனையும் முடிந்தனவா, மருந்தில் தீராதா, சினைப்பைகளை விட்டுவைப்பார்களா என்று கேளுங்கள்; அவற்றையும் இளவயதில் எடுத்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம்.