அசைந்து ஒலிக்கும் சிற்பத்தை அமைக்கும் முறை

இயங்கும் ஒலிச் சிற்பத்தைச் செய்ய முனைபவர்களில் பலர் முதலில் மோட்டாரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஓசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும்: ஒலிக்கப்போகும் பொருள் எது என்று முடிவான பின்னரே, அதை அசைக்கும் பொறியைப் பற்றி யோசிக்க வேண்டும். சிற்பி ஹாரி பெர்டோயா உலோகத் தண்டுகளை நெருக்கமாக நட்டு, கைபட்டாலே அவை ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும்படி செய்தார். அங்கே மோட்டாருக்கு வேலையே இல்லை.

தொடக்கத்துக்கு அலுமினியக் குழாய் போதும். இரு முனைகளும் கட்டின்றித் தொங்கும் குழாயைத் தட்டும்போது, அதன் அடிப்படை அதிர்வில் இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். அவை ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தின் 22.4 விழுக்காட்டுத் தொலைவில் அமைகின்றன. 60 செ.மீ. குழாயானால், முனையிலிருந்து ஏறத்தாழ 13.4 செ.மீ. தள்ளித் துளையிட்டு, நைலான் நூலில் தொங்கவிடலாம். துளை இடம் தவறினால் நூலே அதிர்வை உறிஞ்சிக்கொள்ள, நாதம் சட்டென்று அடங்கிவிடும். தட்ட வேண்டிய இடம் நடுப்பகுதி. அதே குழாயில் ஒரு ஸ்தாயி மேலே செல்ல நீளத்தைப் பாதியாக்கக் கூடாது. அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், பாதியாக வெட்டினால் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். 42.4 செ.மீ. என்பதே சரியான அளவு.

தட்டுவதற்கு 12 வோல்ட் சாலினாய்டு ஒன்றை, அதாவது மின்சாரம் பாயும்போது உள்ளிருக்கும் தண்டைச் சட்டென நகர்த்தும் கம்பிச் சுருளை, எடுத்துக்கொள்ளலாம். அதை இயக்கும் சிறு நிரல் பலகையான ஆர்டுயினோ ஊனோவின் ஒரு இணைப்பு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவுக்கே மின்னோட்டம் எடுப்பது நல்லது. சாலினாய்டுக்கு அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும் என்பதால், இடையில் மின்சுவிட்சாக வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட்டை (ஒருவகை டிரான்சிஸ்டர்) வைத்து, பலகைக்கும் சாலினாய்டுக்குமான இரண்டு மின்வழங்கிகளின் தரை இணைப்பையும் ஒன்றாக்க வேண்டும். சுருளுக்குக் குறுக்கே, கோடிட்ட முனை நேர்மின் பக்கம் இருக்குமாறு, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்றைப் பொருத்துவது கட்டாயம். இல்லையெனில் மின்னோட்டம் நிற்கும் கணத்தில் எழும் எதிர் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைப் பொசுக்கிவிடும். சாலினாய்டுக்கு மின்சாரம் தரும் துடிப்பின் நீளத்தை 20 மில்லி விநாடியிலிருந்து தொடங்கிச் சோதியுங்கள். நீண்டுவிட்டால் தட்டிய தண்டு குழாயிலேயே அழுந்தி நின்று, தான் எழுப்பிய ஒலியைத் தானே அமுக்கும்.

பொறியின் சொந்த ஓசைதான் உண்மையான தலைவலி. சாலினாய்டின் ‘டக்’ ஒலி சட்டகத்தில் இறங்கினால் குழாயின் நாதத்தையே மறைத்துவிடும் என்பதால், அதை ரப்பர் துண்டின்மேல் பொருத்துவது நல்லது. மாறாக, அந்த ஓசையையே படைப்பாக்கவும் வழியுண்டு: சுவிட்சர்லாந்துக் கலைஞர் சிமூன், சிறிய டிசி மோட்டார்களையும் அட்டைப் பெட்டிகளையும் நூற்றுக்கணக்கில் அடுக்கி, அவற்றின் சடசடப்பால் கூடத்தையே நிரப்புகிறார். இரண்டில் ஒன்றைத் துணிந்து தேர்ந்தெடுங்கள்; அரைகுறையாக மறைத்த இரைச்சல் பழுதாகவே காதில் விழும்.

கூடத்தில் நிறுவும்போது தட்டல்களின் இடைவெளியை, முந்தைய நாதம் தேய்ந்து மறையும் நேரத்தைக் கேட்டு அமையுங்கள். எதிரொலி மிகுந்த கூடத்தில் அதை இன்னும் நீட்ட வேண்டியிருக்கும். நாள் முழுதும் ஓடவிட்டுச் சுருள் சூடாகிறதா என்று பாருங்கள். பார்வையாளர் தலைக்கு மேல் தொங்கும் ஒவ்வொரு குழாய்க்கும், நூல் அறுந்தாலும் தாங்கும்படி, தளர்வான எஃகுக் கம்பி ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.