விற்க வைத்த வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? புரோக்கரிடம் முதலில் எழுதி வாங்குங்கள்

கீழக்கரையில் விலை சொல்லிப் பூட்டிப் போட்ட வீடுகள் நிறைய. சொந்தக்காரர்கள் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். எங்கள் காக்கா (அண்ணன்) வீடும் அப்படித்தான். இங்கே பார்த்துக்கொள்வது நான். ஆள் புழங்காத வீட்டை உப்புக்காற்று சும்மா விடாது. ஜன்னல் கம்பி துருவேறி உப்பி, விரலால் தட்டினாலே செதில் செதிலாக உதிரும். வாங்க வருபவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். அதனால் விலை படியும்வரை வாடகைக்கு விடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் புரோக்கரிடம் பேசியதை முதலில் காகிதத்தில் போடுங்கள்.

வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை, கிரயம் முடித்தால் ஒரு சதவீதமோ இரண்டோ என்று பேசுவது வழக்கம். குடிவந்தவரே வீட்டை வாங்கும்போதுதான் சிக்கல். வாடகை 8,000, விலை 40 லட்சம் என்று வையுங்கள். வாடகைக்கு ஆள் கொண்டுவந்தவர் 8,000 வாங்கியிருப்பார். அப்புறம் அதே ஆள் கிரயம் பேசினால், "நான் கூட்டிவந்தவர்தானே" என்று ஒரு சதவீதம், அதாவது 40,000 கேட்பார். விற்கச் சொல்லி வைத்த புரோக்கரும் வந்து நிற்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். ஆகவே முதல் நாளே எழுதுங்கள்: குடியிருப்பவர் வாங்கினால் கமிஷன் யாருக்கு, எவ்வளவு, முன்பு கொடுத்த வாடகைக் கமிஷன் அதில் கழியுமா? கழிய வேண்டும் என்பது என் கட்சி. 11 மாதம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மறுபடி கமிஷன் கிடையாது என்பதையும் சேருங்கள்.

"உங்கள் மூலமாக மட்டுமே விற்பேன்" என்று எழுதச் சொன்னால் யோசியுங்கள். நீங்களே சொந்தத்தில் ஒருவருக்கு விற்றாலும் கமிஷன் கேட்க அந்த ஒரு வரி போதும். ஒத்துக்கொண்டாலும் மூன்று மாதக் கெடு வையுங்கள். கெடு முடிந்ததும், அவர் கூட்டிவந்து காட்டியவர்களின் பெயர்களை எழுதி வாங்குங்கள். பிறகு அவர்களில் ஒருவர் வாங்கினால் மட்டும் கமிஷன். கமிஷன் பணம் பத்திரப்பதிவு அன்றுதான். புரோக்கர் பெயரில் பவர் பத்திரம் வேண்டவே வேண்டாம்.

மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு ஒத்திக்கும் விடாதீர்கள். கிரயம் படிந்த நேரத்தில் மொத்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டியிருக்கும்.

குடிவருபவரிடம் வீடு விலைக்கு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வீடு பார்க்க வருபவர்கள் முந்தின நாளே போன் செய்துவிட்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு, சாயங்காலமாக வரட்டும். பெண்கள் தனியாக இருக்கும் நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது. இதையும் ஒப்பந்தத்தில் போடலாம். காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்பதும் அதில் இருக்கட்டும். வீடு கைமாறியதாலேயே வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடாது. வாங்கியவர் உங்கள் இடத்துக்கு வருவார், அவ்வளவுதான். காலி வீடாகத்தான் வேண்டும் என்று அவர் கேட்டால், அந்த அவகாசத்தைக் கணக்கிட்டுக் கிரயத் தேதி குறியுங்கள். ஆளோடு சேர்த்து வாங்கினால், வாடகை அட்வான்ஸ் அவர் கைக்குப் போனதற்கு மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றைப் பதிவு அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.