விர்ச்சுவல் ஃபயர்வால் போடப் போகிறீர்களா? ரூலுக்கு முன்னால் வயரிங்கைப் பாருங்கள்

தனியாக ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்காமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே அதை ஒரு விர்ச்சுவல் மெஷினாக (விஎம்) ஓட்டுவது இப்போது சின்ன அலுவலகங்களிலும் வீட்டு லேப்களிலும் சகஜமாகிவிட்டது. நன்றாகவே ஓடும். ஆனால் இதைப் போட்டவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று கவனித்தால், ரூலை (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதியை) தப்பாக எழுதி மாட்டியவர்கள் குறைவு. பெரும்பாலும் தடுமாறுவது அதற்கும் கீழே, ஹோஸ்டுக்கும் (விஎம்கள் ஓடும் சர்வர்) விஎம்முக்கும் நடுவில் இருக்கும் இணைப்புகளில்தான். அதனால் இங்கே ரூலைவிட வயரிங்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) ஹோஸ்ட், அதன்மேல் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால். இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும், இரண்டுமே ஓப்பன் சோர்ஸ். ஓபிஎன்சென்ஸ் 2015-இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலிலிருந்து பிரிந்து வந்தது, நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் நடத்துகிறது. இந்த இரண்டு ஃபயர்வால்களுக்கும் அடியில் இருக்கும் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டிதான் என்பதால் இங்கே சொல்வதில் முக்கால்வாசி பிஎஃப்சென்ஸுக்கும் பொருந்தும், மெனு பெயர்கள்தான் கொஞ்சம் மாறும்.

முதலில் ஒரு தாளில் படம் போடுங்கள்

சர்வரில் குறைந்தது இரண்டு நெட்வொர்க் போர்ட் வேண்டும். ஒன்று இணையம் வரும் பக்கம் (வேன்), இன்னொன்று உங்கள் ஸ்விட்சுக்குப் போகும் பக்கம் (லேன்). எந்த போர்ட்டுக்கு லினக்ஸ் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதைக் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி லிங்க் போய் வருவதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, தாளில் எழுதி, முடிந்தால் போர்ட்டின் மேலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஒரே ஒரு போர்ட்தான் இருக்கிறது என்றால் விலேன் (ஒரே கேபிளில் பல தனி நெட்வொர்க்) தெரிந்த மேனேஜ்டு ஸ்விட்ச் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் முதல் முறை செய்பவர் அந்த வழியில் போக வேண்டாம் என்பேன், ஏதாவது வேலை செய்யாதபோது தப்பு ஸ்விட்சிலா பிரிட்ஜிலா விஎம்மிலா என்று தேடியே பொழுது போய்விடும். யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரை வேன் பக்கத்துக்கு நம்பாதீர்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸில் இரண்டு பிரிட்ஜ் (மென்பொருளிலேயே இருக்கும் ஸ்விட்ச்) உருவாக்குங்கள். முதலாவது லேன் போர்ட்டோடு சேர்ந்தது, ஹோஸ்டின் ஐபி அதில் இருக்கட்டும். இரண்டாவது வேன் போர்ட்டோடு சேர்ந்தது, இதில் ஹோஸ்டுக்கு எந்த ஐபியும் இருக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: வேன் பிரிட்ஜில் ஹோஸ்டுக்கு ஒரு ஐபி கிடைத்துவிட்டால், 8006-ஆம் போர்ட்டில் இருக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் லாகின் பக்கம் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு நேராக இணையத்தைப் பார்த்து நிற்கும். ஐபிவி4 பெட்டியைக் காலியாக விட்டால் மட்டும் போதாது, ஐபிவி6 முகவரியை லினக்ஸ் தானாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இணையக் கேபிளைச் செருகிய பிறகு ஹோஸ்டின் ஷெல்லில் முகவரிகளைப் பட்டியலிட்டு, வேன் பிரிட்ஜுக்கு நேராக வெளியுலக முகவரி எதுவும் இல்லை என்று கண்ணால் பாருங்கள்.

நெட்வொர்க் கார்டையே பிசிஐ பாஸ்த்ரூ முறையில் நேராக விஎம்முக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கலாம், ஹோஸ்ட் அந்தக் கார்டைத் தொடவே தொடாது, அந்த வகையில் நல்லது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை அப்படியே வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் வசதி போய்விடும், மதர்போர்டு ஒத்துழைக்க வேண்டும், சர்வர் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். சாதாரண ஃபைபர் இணைப்புக்கு விர்ட்ஐஓ என்ற விர்ச்சுவல் கார்டே போதும் என்பது என் கருத்து.

விஎம்மை உருவாக்கும்போது

சிபியு வகையில் 'ஹோஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ப்ராசஸரில் இருக்கும் ஏஇஎஸ் என்கிரிப்ஷன் வசதி விஎம்முக்குத் தெரியும், ஐபிசெக், ஓபன்விபிஎன் போன்ற விபிஎன் ஓட்டுபவர்களுக்கு அது வேண்டும். இரண்டு கோர், 4 ஜிபி ராம் வைத்து ஆரம்பிக்கலாம், பலூனிங்கை (ராமைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது) எடுத்துவிடுங்கள். சுரிகாட்டா மாதிரி ஊடுருவல் கண்காணிப்பும் ஓட்டுவதாக இருந்தால் 8 ஜிபி கொடுங்கள்.

நெட்வொர்க் கார்டு சேர்க்கும் இடத்தில் மாடல் விர்ட்ஐஓ. அதே திரையில் 'ஃபயர்வால்' என்று ஒரு டிக் இருக்கும், தானாகவே போடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அது ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்த ஃபயர்வால், சாதாரண விஎம்முக்குப் பயன்படும், ஆனால் ரவுட்டர் வேலை பார்க்கும் விஎம்முக்கு முன்னால் இன்னொரு வடிகட்டி நின்றால் எந்தப் பாக்கெட் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். மல்டிகியூ என்ற இடத்தில் கோர் எண்ணிக்கையைப் போடுங்கள். இரண்டு கார்டின் மேக் முகவரியையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓவிலிருந்து பூட் ஆனதும் அது லைவ் முறையில் ஓட ஆரம்பிக்கும். லாகின் கேட்கும் இடத்தில் பயனர் 'இன்ஸ்டாலர்', பாஸ்வேர்டு 'ஓபிஎன்சென்ஸ்' (இரண்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில்) கொடுத்தால்தான் நிறுவும் வேலை தொடங்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த விஎம் பூட் ஆன நொடியிலிருந்தே லேன் பக்கம் 192.168.1.1 என்ற முகவரியில் நின்றுகொண்டு டிஎச்சிபியும் (கணினிகளுக்குத் தானாக ஐபி வழங்குவது) கொடுக்க ஆரம்பித்துவிடும். அலுவலகத்தில் எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கும் நெட்வொர்க்கில் இதைச் செய்தால் இரண்டு டிஎச்சிபி சர்வர் ஆகி, சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது. ஆகவே முதலில் எந்த போர்ட்டோடும் சேராத ஒரு காலி பிரிட்ஜை உருவாக்கி லேனை அதில் மாட்டி, இன்னொரு சின்ன விஎம்மை அதே பிரிட்ஜில் போட்டு அங்கிருந்து செட்டிங்ஸ் எல்லாம் முடித்த பிறகு உண்மையான பிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, இன்டர்நெட் கம்பெனி கொடுத்த மோடமும் 192.168.1.1-லேயே இருக்கும். நம் ஊரில் ரொம்பச் சாதாரணம். வேன் பக்கமும் லேன் பக்கமும் ஒரே எண் வரிசையாக இருந்தால் ஃபயர்வாலுக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்றே தெரியாது. லேனை 192.168.50.1 என்பது போல முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை

விர்ச்சுவல் ஃபயர்வால் போட்டவர்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பிரச்சினைகளில் இதற்குத்தான் முதலிடம். பிங் அழகாகப் போய் வரும், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தருவது) கூட பதில் சொல்லும், ஆனால் அதே ஹோஸ்டில் இருக்கும் மற்ற விஎம்களில் எந்த வலைப்பக்கமும் திறக்காது, அல்லது எறும்பு ஊருகிற வேகத்தில் திறக்கும். ரூலைப் பத்து தடவை மாற்றிப் பார்ப்பார்கள். காரணம் ரூல் இல்லை, செக்சம் ஆஃப்லோடு. பாக்கெட்டின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்குப் போடும் வேலையை இயங்குதளம் நெட்வொர்க் கார்டிடம் விட்டுவிடுகிறது. ஒரே ஹோஸ்டுக்குள் ஒரு விஎம்மிலிருந்து இன்னொரு விஎம்முக்குப் போகும்போது நடுவில் உண்மையான கார்டே கிடையாது, அதனால் அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, பாக்கெட் தப்பான எண்ணோடு ஃபயர்வாலுக்கு வந்து அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஓபிஎன்சென்ஸில் இன்டர்ஃபேசஸ் மெனுவின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் சிஆர்சி, டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ (எல்லாம் கார்டிடம் வேலையை விடும் ஆஃப்லோடு வசதிகள்) மூன்றையும் முடக்கும் டிக்குகள் இருக்கும். புதிதாக நிறுவியதில் முடக்கித்தான் இருக்கும், வேகம் கூடும் என்று யாராவது சொன்னதைக் கேட்டு அதைத் திறந்துவிடாதீர்கள். பிஎஃப்சென்ஸில் சிஸ்டம் – அட்வான்ஸ்டு – நெட்வொர்க்கிங் பக்கத்துக்குப் போய் நீங்களே பார்த்து முடக்க வேண்டும், அப்புறம் ஒரு ரீபூட்.

இதே மாதிரி இன்னொரு அறிகுறி, சில தளங்கள் மட்டும் திறக்கும், சில பாதியில் நிற்கும். பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) இணைப்பாக இருந்தால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைப் பாருங்கள், 1500 அல்ல, 1492 இருக்க வேண்டும். ஃபைபர் மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு மாற்றிவிட்டு பிபிபிஓஇ-யை ஃபயர்வாலிலேயே போடுபவர்கள், இணைப்பு எந்த விலேன் எண்ணில் வருகிறது என்று கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ப்ராக்ஸ்மாக்ஸின் கார்டு செட்டிங்கில் போடலாம், ஓபிஎன்சென்ஸிலும் போடலாம், இரண்டு இடத்திலும் போட்டால் வேலைக்கு ஆகாது. வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் நீங்கள் கம்பெனியின் பொது நேட்டுக்கு (பலர் ஒரே வெளி முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து உள்ளே வர நீங்கள் எத்தனை போர்ட் ஃபார்வர்டு எழுதினாலும் பலிக்காது. நிலையான ஐபி வாங்குங்கள், இல்லை ஐபிவி6 வழியாக வாருங்கள், அதுவும் இல்லை என்றால் வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை விர்ச்சுவல் சர்வர்) எடுத்து அதற்கு வயர்கார்டு விபிஎன் சுரங்கம் போடுங்கள்.

ஃபயர்வாலைத் தாண்டாமல் உள்ளே வர ஒரு வழி

சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட கதை இதில் அடிக்கடி நடக்கும். ஹோஸ்டின் ஐபியை ஃபயர்வால் விஎம்மின் டிஎச்சிபியிலிருந்து வாங்கும்படி வைத்திருப்பார்கள், விஎம் எழவில்லை என்றால் ஹோஸ்டுக்கு ஐபி இல்லை, ஹோஸ்டுக்குள் போக முடியாததால் விஎம்மை எழுப்பவும் முடியாது. ஹோஸ்டுக்கு எப்போதும் கையால் போட்ட நிலையான ஐபி. அது உங்கள் லேப்டாப் இருக்கும் அதே நெட்வொர்க் துண்டில் இருக்கட்டும், நடுவில் ஃபயர்வால் வரக் கூடாது. டிஎச்சிபி இல்லாத நேரத்தில் லேப்டாப்பில் என்ன ஐபி போட்டு உள்ளே வர வேண்டும் என்பதை எழுதி சர்வர் மேலேயே ஒட்டுங்கள், நீங்கள் ஊரில் இல்லாதபோது இன்னொருவர் செய்ய வேண்டியிருக்கும்.

இந்த வழி மட்டும் இருந்தால் விர்ச்சுவல் ஃபயர்வால் பெட்டியைவிட ஒரு படி மேல், ஏனென்றால் பிரௌசரிலேயே அதன் கன்சோல் திறக்கிறது. தப்பான ரூலால் வெளியே பூட்டப்பட்டுவிட்டீர்களா? கன்சோல் மெனுவில் 13-ஆம் எண் பழைய செட்டிங்கைத் திரும்பக் கொண்டுவரும். நீங்கள் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கும், தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ரூல்கள்

வேன் பக்கத்திலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, லேனிலிருந்து எல்லாம் வெளியே போகலாம், இதுதான் ஆரம்ப நிலை. ரூல் எப்போதும் பாக்கெட் உள்ளே நுழையும் இன்டர்ஃபேஸில் எழுதப்படுகிறது. மேலிருந்து கீழாகப் பார்க்கும், முதலில் பொருந்தியது வெல்லும்.

சிசிடிவி கேமராக்களுக்கு என்று தனி விலேன் போட்டால், புதிய இன்டர்ஃபேஸில் ஒரு ரூலும் இருக்காது, அதாவது எல்லாமே தடை. அங்கே வரிசை இப்படி: முதலில் ஃபயர்வாலின் சொந்த முகவரிக்கு டிஎன்எஸ், என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்வது) அனுமதி. அடுத்து, தனியார் முகவரி வரிசைகள் மூன்றையும் ஒரு ஏலியாஸில் (பல முகவரிகளுக்கு ஒரே பெயர்) போட்டு அதற்குத் தடை. கடைசியில், கேமராவுக்கு இணையம் தேவைப்பட்டால் மட்டும் அனுமதி. முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றினால் டிஎன்எஸ் செத்துவிடும். தடை போட்ட பிறகும் கேமரா பேசிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம், ஏற்கெனவே திறந்த இணைப்பைப் புதிய ரூல் அறுக்காது, டயக்னாஸ்டிக்ஸில் ஸ்டேட்ஸ் பக்கத்துக்குப் போய் அதை நீக்குங்கள். ரூலில் லாக் டிக்கைப் போட்டுவிட்டு லைவ் வியூவில் அந்தக் கேமராவின் ஐபியை வடிகட்டிப் பாருங்கள், எந்த ரூலில் பாக்கெட் நிற்கிறது என்று அப்படியே தெரியும். ஒவ்வொரு ரூலுக்கும் யார் கேட்டது, எதற்கு என்று விளக்கம் எழுதுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு

ஓபிஎன்சென்ஸின் பெரிய பதிப்பு ஜனவரியிலும் ஜூலையிலும் வரும். வந்த அன்றே தாவாமல் முதல் சின்னத் திருத்தம் வரும்வரை நான் காத்திருப்பேன், ஆனால் நடுவில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போட மாட்டேன். அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலை), எல்லாம் சரியாக இருந்தால் சில நாளில் அதை அழித்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட் அதே டிஸ்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போய்விடும், அதனால் செட்டிங் கோப்பை எக்ஸ்எம்எல்லாகத் தரவிறக்கி வேறு இடத்தில் வையுங்கள். அதில் விபிஎன் சாவிகள் எல்லாம் இருக்கும், பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்தே எடுங்கள். இன்ஸ்டால் ஐஎஸ்ஓவும் ஹோஸ்டிலேயே ஒரு பிரதி இருக்கட்டும், ஃபயர்வால் படுத்திருக்கும்போது அதைத் தரவிறக்க உங்களிடம் நெட் இருக்காது.

ஹோஸ்டை அப்டேட் செய்து ரீபூட் செய்தால் அத்தனை பேருக்கும் நெட் போகும், இதற்கு நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அது கூடாது என்றால் இரண்டு ஹோஸ்டில் இரண்டு ஃபயர்வால், நடுவில் கார்ப் (ஒன்று விழுந்தால் பொது முகவரியை இன்னொன்று எடுத்துக்கொள்ளும் முறை). விஎம்வேரில் அதைச் செய்பவர்கள் போர்ட் குரூப்பில் ப்ரோமிஸ்குவஸ் மோடு, மேக் மாற்றம், ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ் மூன்றையும் அனுமதிக்காவிட்டால் பொது முகவரி பதிலே சொல்லாது. கிளவுடிலும் இதே குணம்தான்: அமேசானில் சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக்கை நிறுத்த வேண்டும், அஸ்யூரில் கார்டுக்கு ஐபி ஃபார்வர்டிங்கைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஃபயர்வால் எவ்வளவு சரியாக இருந்தாலும் அடுத்தவர் பாக்கெட்டை அது கடத்திவிட கிளவுடே விடாது.

விஎம்மின் ஆப்ஷன்ஸில் 'பூட்டிலேயே தொடங்கு' என்பதைப் போட்டு வரிசை எண்ணை 1 ஆக்குங்கள், அடுத்த விஎம்கள் எழக் கொஞ்சம் இடைவெளி கொடுங்கள், டொமைன் சர்வர், கோப்பு சர்வர் எல்லாம் நெட்வொர்க் வந்த பிறகே எழட்டும். பிறகு ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை ஒழுங்காக ஷட்டவுன் செய்து, மோடம், ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைத்து, மறுபடி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்துவிட்டு எதையும் தொடாமல் உட்காருங்கள். மோடம் தாமதமாக எழுந்ததால் வேன் முகவரி வராமல் நிற்கிறதா, பிபிபிஓஇ தானாகத் திரும்ப இணைகிறதா, விபிஎன் எழுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எதற்காவது கை வைக்க வேண்டியிருந்தால், கரண்ட் போய் வரும் முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.